தொரசாணி கொடுத்த சிவப்பு மாலை

கண்ணாடி மேசை மீது ஒரு சிவப்புக்கல் மாலை கிடந்தது. இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் இரண்டு பெண்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள்.

மூத்தவர் ராசம்மா. தெற்கே இன்னொரு தீவிலிருக்கும் ஹட் பேயிலிருந்து, என் கடை இருக்கும் போர்ட் பிளேருக்குக் கப்பலில் வந்திருந்தார். சேலையில் இன்னும் டீசல் வாடை இருந்தது. இளையவர் செல்வி, பெரார்கஞ்சிலிருந்து பஸ்ஸில் வந்தவர். கூடப்பிறந்தவர்கள். ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

"தீதி, நீங்க ஒண்ணும் பெருசா சொல்ல வேணாம். இது எந்தக் காலத்துச் சாமான்னு மட்டும் சொல்லுங்க," என்றார் செல்வி. எங்கள் தீவில் கடைக்கார அக்காக்கள் எல்லாம் தீதிதான்.

ராசம்மா மழையில் நனைந்த குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்திருந்தார். அது என் கடையின் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். இவர்களுடைய அம்மா இலங்கை மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து, பிறகு இந்தத் தீவுகளில் குடியேறியவர். குடும்பத்தோடு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டபோது தோட்டத்துத் துரையின் மனைவி, அவர்கள் வழக்கில் தொரசாணி, தன் கழுத்திலிருந்து இந்த மாலையைக் கழற்றிக் கொடுத்தாராம். தங்கம், மாணிக்கம் என்பது குடும்பத்து நம்பிக்கை. அம்மா கடைசிவரை ராசம்மாவிடம் இருந்தார். அவர் போன பிறகு மாலை செல்வியின் பங்குக்கு வந்தது. செல்வி அதைப் பத்தரிடம் கொண்டுபோனார். பத்தர் கல்லில் ஒரு உரசு உரசிவிட்டு, "பித்தளை" என்றார்.

அப்படியானால் தங்கம் எங்கே போயிற்று? செல்விக்குப் பதில் உடனே கிடைத்துவிட்டது. அக்கா மாற்றிவிட்டாள்.

இப்போது செல்வியின் மகளுக்குக் கல்யாணம். பெரியம்மாவைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று உறவில் பேச்சு. யாரோ ஒரு புண்ணியவான், "ஆபர்தீன் பஜார்ல ஃபேன்சி ஸ்டோர் சபூரா தீதி இருக்காங்க, பழைய நகைக்கு அவங்க சொன்னா பக்கா," என்று சொல்லியிருக்கிறார்.

அந்தப் புண்ணியவான் யாரென்று இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

விற்காத சரக்கின் ஆங்கிலப் பெயர்

நான் எப்படி நகை நிபுணர் ஆனேன் என்று சொல்லிவிடுகிறேன். படித்து ஆகவில்லை. கடை சுத்தம் செய்து ஆனேன்.

கடை என் வாப்பா ஆரம்பித்தது. வாப்பாவுக்குக் கப்பலில் வரும் ஃபாரின் சாமான் மீது ஒரு மயக்கம். யார் எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்கிப் போடுவார். கண்ணாடி மணி மாலை, பிளாஸ்டிக் முத்து, முதுகில் எங்கோ ஒரு நாட்டின் பெயர் குத்திய சங்கிலி. போர்ட் பிளேர் பெண்கள் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, "அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டு ரிப்பன் வாங்கிக்கொண்டு போனார்கள். சரக்கு பிஸ்கட் டப்பாக்களுக்குள் போய், பரண் மேல் ஏறியது.

வாப்பாவுக்குப் பிறகு கடை எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் வந்தது. பரணில் கரையான் வந்த ஒரு வருடம் டப்பாக்களை இறக்கி வாசலில் வைத்தேன். குப்பை வண்டிக்குத்தான் வைத்தேன். அதற்குள் பெங்களூரிலிருந்து சுற்றுலா வந்த ஒரு பெண்மணி அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இதெல்லாம் விண்டேஜ். உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியாது. ஆனால் அவர் பர்சைத் திறந்தவுடன் தெரிந்துகொண்டேன். நாற்பது வருடம் விற்காத சரக்குக்கு மெயின்லேண்டில் மரியாதையான ஒரு பெயர் இருக்கிறது. எங்கள் ஊரில் அதற்குப் பெயர் நஷ்டம்.

அன்றிலிருந்து படம் எடுத்து ஃபோனில் போட ஆரம்பித்தேன். கொல்கத்தா, கொச்சி, புனே என்று ஆட்கள் கேட்டார்கள். பழைய நகை சேர்ப்பவர்களின் குழு ஒன்றில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். வாட்ச் ரிப்பேர்காரரிடமிருந்து ஒரு கண்ணாடி லென்ஸ் வாங்கி, கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். கழுத்தில் எதைத் தொங்கவிட்டாலும் நம் ஜனங்கள் மரியாதை கொடுப்பார்கள். டாக்டர்களைப் பாருங்கள்.

வயது கணிக்கும் கலை

பழைய மாலைக்கு வயது சொல்வது பெரிய வித்தை இல்லை என்றுதான் அப்போது நினைத்திருந்தேன். முதலில் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். கண்ணாடியானால் சில்லென்றிருக்கும், பிளாஸ்டிக் ஆனால் இருக்காது. மணிகளுக்கு நடுவே ஒவ்வொன்றுக்கும் முடிச்சு போட்டிருந்தால் யாரோ பொறுமையாகக் கோத்திருக்கிறார்கள். கல்லைக் கம்பிக் கால்கள் பிடித்திருந்தால் நல்லது. பசையால் ஒட்டியிருந்தால் அவ்வளவாக நல்லதில்லை. கல்லுக்குப் பின்னால் வெள்ளித்தாள் பூச்சு கறுத்திருந்தால் காலம் அதன் மேல் நடந்திருக்கிறது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது கொக்கி. மாலையின் முன்பக்கம் பொய் சொல்லும், பின்பக்கம் சொல்லாது. திருகிப் பூட்டும் பீப்பாய் வடிவக் கொக்கி பழசு. வளையத்துக்குள் ஸ்பிரிங் வைத்தது கொஞ்சம் இந்தப் பக்கம். நண்டுக் கொடுக்கு மாதிரி கவ்வுகிற கொக்கி இருக்கிறதே, அது நம் கடைகளுக்கு வந்தது நேற்றுதான். இதை நான் குழுவில் பலருக்குப் பாடமே எடுத்திருக்கிறேன். கேட்காதவர்களுக்கும் எடுத்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் ஒருநாள், "சபூரா, கல்யாண வீட்டுல சாப்பிட உக்காந்த பொம்பளைய முதுகுப்பக்கமா போய் பாக்காத. அவ பயந்து போறா," என்றார். அந்தளவுக்கு நிபுணத்துவம்.

தீர்ப்பு

இப்போது மறுபடியும் அந்த மேசைக்கு வாருங்கள்.

மாலையைக் கையில் எடுத்தேன். கனமாக இருந்தது. கற்கள் கண்ணாடி, முன்னால் நன்றாக மின்னின. ஓரங்களில் எண்ணெயும் குங்குமமும் சேர்ந்து கட்டியாக உறைந்திருந்தன. ஒரு முனையில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது, கழுத்தில் உறுத்தாமலிருக்க அம்மா சுற்றியதாம். மறுமுனையில் கொக்கி.

நண்டுக் கொக்கி.

வேறு எதையும் பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு இருக்கவில்லை. லென்ஸைக் கீழே விட்டேன். மெதுவாக விட்டேன், அதற்கென்று ஒரு தோரணை வைத்திருந்தேன்.

"இது தேயிலைத் தோட்டக் காலத்துது கிடையாது. மிஞ்சிப்போனா இருபது வருசம் இருக்கும்," என்றேன்.

செல்வி அக்காவைத் திரும்பிப் பார்த்தார். ஆறு வருடத்தில் அதுதான் முதல் பார்வை.

"கேட்டியா?" என்றார்.

ராசம்மா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். பஸ் போய்விட்டது என்று சொன்ன கண்டக்டரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "நல்லா பாத்துட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"நான் பாத்தா பாத்ததுதான்," என்றேன். இந்த வாக்கியத்தை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது. ஆனால் சொன்னேன்.

ராசம்மா குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனார். மழை அப்போது நின்றிருந்தது. செல்வி எனக்கு நன்றி சொன்னார். நான் அவரிடம் அனுமதி கேட்டு மாலையை நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டேன். எதற்கு? குழுவில் போடத்தான். 'பழசென்று ஏமாறாதீர்கள், கொக்கியைப் பாருங்கள்' என்று ஒரு பாடம் எடுக்க வேண்டாமா?

இல்லாமல் போன ஒரு நாடு

பாடத்தை அன்று சாயங்காலமே எடுத்தேன். பலர் கட்டைவிரலைக் காட்டிப் பாராட்டினார்கள்.

மறுநாள் கொல்கத்தாவிலிருந்து ஒரு பெரியவர் எழுதினார். குழுவில் அதிகம் பேசாதவர். 'தீதி, கொக்கியை விடுங்கள். மறுமுனையில் நூலுக்குக் கீழே ஒரு தகடு தெரிகிறதே, அதில் என்ன எழுதியிருக்கிறது?'

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நூல் விலகிய இடத்தில் நகத்தின் அளவு தகடு. அதில் ஆங்கிலத்தில் பாதி எழுத்துகள் தெரிந்தன. மீதியை நானே நிரப்பிப் படித்தேன். வெஸ்ட் ஜெர்மனி.

அப்படி ஒரு நாடு இப்போது இல்லை. இரண்டாக இருந்து ஒன்றாகி எவ்வளவோ காலம் ஆயிற்று. நகை விற்பவர்களுக்கு இதைவிடப் பெரிய உபகாரத்தை எந்த நாடும் செய்ததில்லை. அந்தப் பெயர் குத்தியிருந்தால், மாலை அந்த நாடு இருந்த காலத்தில் செய்தது. தோட்டத்தில் தொரசாணிகள் மாலை போட்டுக்கொண்டு விருந்துக்குப் போன காலத்துக்குச் சரியாகப் பொருந்துகிறது.

கொக்கியை மாட்டியிருந்த வளையத்தையும் இப்போதுதான் கவனித்தேன். அதன் மஞ்சள் வேறு, மாலையின் மஞ்சள் வேறு. கொக்கி மட்டும் பின்னால் மாற்றியது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கும்.

ஆக, மாலை அதே மாலை. யாரும் மாற்றவில்லை. தொரசாணி கொடுத்ததே பித்தளையும் கண்ணாடியும்தான். நான் கொக்கியின் வயதைத் துல்லியமாகச் சொல்லிவிட்டு, ஒரு பெண்ணைத் திருடி என்று முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறேன்.

"ஃபோன் பண்ணிச் சொல்லேன்," என்றார் என் வீட்டுக்காரர்.

நாலு நாள் பண்ணினேன். ஹட் பேயில் சிக்னல் கிடைக்கவில்லையோ, என் நம்பரைப் பார்த்து எடுக்கவில்லையோ. இரண்டில் எது என்று யோசித்து முடிப்பதற்குள் கப்பலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன்.

பதினோராம் கிலோமீட்டர்

தீவில் பிறந்து வளர்ந்தவளுக்குக் கப்பல் ஒத்துக்கொள்ளாது என்றால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஹட் பே போய்ச் சேரும்வரை ஒரு பிளாஸ்டிக் பையைக் கையில் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த எல்லா துஆவையும் ஓதினேன். பக்கத்தில் இருந்த தெலுங்குப் பெண் பாதி எலுமிச்சம்பழம் கொடுத்து, "சூங்கோ தீதி, சூங்கோ," என்று முகரச் சொன்னாள். நிபுணர் முகர்ந்தார்.

ஹட் பேயில் இடங்களுக்குப் பெயர் வைக்கச் சோம்பல்பட்டு, கப்பல்துறையிலிருந்து எத்தனை கிலோமீட்டரோ அதையே பெயராக வைத்திருக்கிறார்கள். ராசம்மா வீடு பதினோராம் கிலோமீட்டர். எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை இருந்தபோது அவரும் கணவரும் அங்கே கூலி. தோட்டம் மூடிய பிறகு, பாக்கு உரிக்கும் வேலை. நான் போனபோதும் பாக்குதான் உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. பாக்குக் குவியலைக் கொஞ்சம் தள்ளி, உட்கார இடம் செய்தார்.

நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். தகடு, ஜெர்மனி, கொக்கி.

"கொக்கி நான்தான் மாத்துனேன்," என்றார் ராசம்மா. "சுனாமித் தண்ணி வந்தப்ப அம்மாவ இழுத்துக்கிட்டு மேட்டுக்கு ஓடினோம்ல, அப்ப அறுந்துருச்சு. அம்மா கையில இறுக்கிப் புடிச்சிருந்தாங்க. பொறவு போர்ட் பிளேர் ஆசுபத்திரிக்கு வந்தப்ப மாத்துனோம்."

"எங்க மாத்துனீங்க?"

"ஒங்க கடையிலதான் தீதி. ஒங்க வீட்டுக்காரரு மாட்டிக் குடுத்தாரு."

கையிலிருந்த பிளாஸ்டிக் பையை மடித்து மடித்துச் சின்னதாக்கினேன்.

"அன்னைக்கே இத சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"நீங்க கேக்கலியே."

கேட்கவில்லை. உண்மைதான். நிபுணர்கள் கேட்பார்களா, சொல்லத்தானே செய்வார்கள்.

அவர் பாக்கை உரித்துக்கொண்டே தொடர்ந்தார். "கொக்கிய மாத்துனேன்னு சொன்னா மாலையையும் மாத்திருப்பான்னு செல்வி சொல்லுவா. அதான் பேசல. ஆனா நீங்க பழசுன்னு சொல்லிருவீங்கன்னு நம்பித்தான் கப்பலேறி வந்தேன். பழைய பித்தளன்னு ஆயிட்டா, பழி தொரசாணியோட போயிரும்ல."

"அப்ப பித்தளைன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

பாக்கு உரித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"அம்மாவுக்கே தெரியும். இந்தியாவுக்கு வந்து மண்டபம் கேம்ப்ல இறங்குன வாரமே அடகு வைக்கப் போனாங்க. கடைக்காரன் சிரிச்சானாம். அம்மா யாருக்கும் சொல்லல. அப்பாவுக்குக்கூட. கடைசிக் காலத்துல எங்கிட்ட மட்டும் சொன்னாங்க. 'தங்கச்சிகிட்ட சொல்லாத, அவ என் கழுத்தப் பாத்துப் பெருமையா வளந்த புள்ள'ன்னு சொல்லிட்டாங்க."

அதற்காக ஆறு வருடம் திருடிப் பட்டம். அவர் அதைப் பெரிதாகச் சொல்லவில்லை. ஒரு தட்டில் அவித்த மரவள்ளிக் கிழங்கும் மிளகாய்ச் சம்பலும் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, "கப்பல்ல வயிறு காஞ்சிருக்கும், சாப்பிடுங்க," என்றார்.

சாப்பிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகாய் காரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டார். "மாலை அதேதான்னு செல்விகிட்ட சொல்லுங்க. அம்மாவுக்குத் தெரியும்ங்கறத மட்டும் சொல்லிடாதீங்க."

செல்வி வீட்டு முற்றத்தில்

திரும்பி வந்த மறுநாள் பெரார்கஞ்சுக்குப் பஸ் ஏறினேன். செல்வியின் வீட்டுக்குப் பின்னால் வயல். முற்றத்தில் பந்தலுக்கு மூங்கில் வந்து இறங்கியிருந்தது. எனக்கு டீ கொடுத்தார், கல்யாணப் பத்திரிகையும் கொடுத்தார்.

"மாலைய எடுத்துட்டு வாங்க," என்றேன்.

சிவப்பு நூலை ஊசியால் பிரித்தேன். சோப்புத் தண்ணீரைத் துணியில் தொட்டு அழுக்கைத் துடைத்தேன். தகட்டில் எழுத்துகள் முழுசாக வந்தன. லென்ஸை அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். பிறகு, "நான் சொன்னது தப்பு. இது உங்கம்மாவோட மாலையேதான். கொக்கி மட்டும்தான் புதுசு, அதையும் எங்க கடையிலதான் போட்டிருக்காங்க. உங்கக்கா எதையும் மாத்தல. தொரசாணி குடுத்ததே இதுதான்," என்றேன்.

செல்வி லென்ஸைக் கீழே வைத்தார்.

"அன்னைக்குப் பாத்தா பாத்ததுதான்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"ஒங்களுக்கு ஒரு வார்த்த. அவ ஒரு வாரமா எப்படி இருந்திருப்பா?"

ஆறு வருடம் அவர் சொன்னதை நான் ஞாபகப்படுத்தவில்லை. எனக்கு அந்தத் தகுதி இல்லை. அதோடு அவரே ஞாபகப்படுத்திக்கொண்டிருக்கிறார் என்று முகத்தில் தெரிந்தது.

பிறகு, மாலையைப் பார்த்தபடியே பேசினார். "எங்கப்பாவுக்கு முடியாம போனப்ப அம்மா கம்மல வச்சாங்க. மூக்குத்திய வச்சாங்க. பித்தள அண்டாவக்கூட வித்தாங்க. இத மட்டும் வைக்கல. தொரசாணி ஞாபகமா வச்சிருக்காங்கன்னு நெனச்சேன்."

நான் டீயைப் பார்த்தேன்.

"அம்மாவுக்குத் தெரியும், இல்ல தீதி?"

வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்த சில சமயங்களில் அது ஒன்று. ஆனால் வாயை மூடினாலும் என் முகம் ஒன்றும் மூடிய கடை இல்லையே.

"அக்காவுக்கும் தெரியும்," என்றார் செல்வி. இந்த முறை கேள்வியாகக் கேட்கவில்லை.

எழுந்து உள்ளே போனார். ஃபோனை எடுத்துக்கொண்டு வந்தார். நம்பரைத் தேடவில்லை, மனப்பாடமாக அழுத்தினார். என் அழைப்புகளுக்குக் கிடைக்காத ஹட் பே சிக்னல் அவருக்கு இரண்டாவது மணியிலேயே கிடைத்தது.

"அக்கா," என்றார். அடுத்த மூச்சில், "எந்தக் கப்பல்ல வர்ற? இப்பவே டிக்கெட் போடு, அப்புறம் கிடைக்காது," என்றார். மன்னிப்பு என்ற வார்த்தையை யாரும் சொல்லவில்லை. பத்து நிமிடம் டிக்கெட் பற்றியே பேசிக்கொண்டு இரண்டு பேரும் அழுதார்கள்.

விற்பனைக்கு

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் இரண்டு பேரும் சேர்ந்து கடைக்கு வந்தார்கள். மாலையை மேசையில் வைத்தார்கள்.

"இத வித்துக் குடுங்க," என்றார் ராசம்மா.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மாவின் ஞாபகம், பரம்பரை, அது இது என்று ஆரம்பித்தேன். ஊரார் அம்மாக்களின் மாலைகளை எல்லாம் விற்றுப் பிழைக்கிறவளுக்கு அன்று திடீரென்று பாசம் பொங்கியது.

"இவ வச்சிருந்தா நான் போட்ட பழிதான் இவளுக்கு ஞாபகம் வரும். நான் வச்சிருந்தா எனக்கு மனசு உறுத்தும். யாராச்சும் சந்தோசமா போட்டுக்கட்டும்," என்றார் செல்வி.

படம் எடுத்துப் போட்டேன். வெஸ்ட் ஜெர்மனி முத்திரை, கம்பிக் கால் பிடித்த கண்ணாடிக் கற்கள், கொக்கி பிற்காலத்தில் மாற்றியது என்று எல்லாவற்றையும் எழுதினேன். மதுரையில் ஒரு பெண் கேட்டாள். 'இதற்குப் பின்னால் ஏதாவது கதை உண்டா? கதை இருந்தால் இன்னும் கொஞ்சம் கொடுக்கலாம்.' இந்தத் தொழிலில் கதைக்குத் தனி விலை உண்டு. நானே எத்தனையோ மாலைகளுக்கு இல்லாத ராணிகளை உண்டாக்கியிருக்கிறேன். இந்த ஒன்றுக்கு மட்டும், 'அப்படி எதுவும் இல்லை' என்று எழுதிவிட்டு, அவள் முதலில் சொன்ன விலைக்கே கொடுத்தேன். (இப்போது எழுதுவது சகோதரிகள் இருவரிடமும் கேட்டுவிட்டுத்தான். பெயர்களை மாற்றச் சொன்னார்கள், மாற்றியிருக்கிறேன். என் பெயரை மாற்ற வேண்டாம் என்றும் சொன்னார்கள்.)

கொக்கி மாட்டியது ஞாபகம் இருக்கிறதா என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "ஒரு நாளைக்கு எத்தனை கொக்கி மாட்டுறேன்," என்றார்.

அன்று சகோதரிகள் மாலையைக் கொடுத்துவிட்டு உடனே போகவில்லை. கல்யாணப் பெண்ணுக்கு வரவேற்பில் போட ஒரு கவரிங் செட் வேண்டுமென்றார்கள். ராசம்மா பச்சைக்கல் என்றார், செல்வி வெள்ளைக்கல் என்றார். மேசை முழுவதும் டப்பாக்கள் பரவின. உனக்கு எப்பவும் இப்படித்தான் என்று ஒருவர் ஆரம்பிக்க, சின்ன வயதில் பாவாடைத் துணிக்குப் போட்ட சண்டைவரை போனார்கள். ஆறு வருடத்துச் சண்டை பாக்கியையும் அன்றே தீர்த்துவிடுவார்கள் போலிருந்தது.

நான் லென்ஸை எடுத்துக்கொண்டு, "பொண்ணு நிறத்துக்குப் பச்சை எடுப்பா இருக்கும்," என்று ஆரம்பித்தேன்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"நீங்க சும்மா இருங்க தீதி," என்றார் ராசம்மா. "ஒங்களுக்கு நகையப் பத்தி ஒண்ணும் தெரியாது."